டயர் விழுங்காத குலுக்கல்கள்

ஆனைப்பள்ளத்தில், டயர் விழுங்காத குலுக்கல் காரோடு வீட்டுக்கு வந்துவிடும். கதவைத் திறந்ததும் முதலில் இறங்குவது அதுதான். செருப்பு விடும் இடத்தில் சற்று நின்று, வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, பிறகு தனக்குப் பிடித்த இடத்தில் போய்த் தங்கும். சிறியவை டம்ளர்களுக்கு அடியில் உட்காரும். நடுத்தரமானவை பீரோவின் கால்களைத் தேடிப் போகும். பெரியவை கட்டிலுக்குக் கீழே போகும்.

அதனால் அந்த ஊரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், குலம் கோத்திரம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "எத்தனை இன்ச்?" என்பது. காரின் சக்கரம் பதின்மூன்று இன்ச் என்றால் உடனே சாவி. பதினான்கு என்றால் சாவி, கூடவே ஒரு பார்வை. பதினாறுக்கு மேல் என்றால் வீட்டுக்காரர் உள்ளே போய் மனைவியைக் கலந்துகொள்வதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டு, வெளியே வந்து இல்லை என்பார். சைக்கிள்காரர்களுக்கு மட்டும் எந்தக் கேள்வியும் கிடையாது. அவர்கள் குலுக்கலைத் தங்கள் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்கள்.

செண்பகவல்லி பஞ்சுப்பேட்டைத் தெருவின் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது அவளுடைய காருக்குப் பதினான்கு இன்ச்தான். அவள் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கூன் போட்டு நிற்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விளையாட்டு விழா அன்று தலைமையாசிரியையின் காருக்குப் பக்கத்தில் தன் காரைப் பார்த்தபோது, அது குந்தி உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. மறுவாரமே பதினேழு இன்ச் சக்கரமும் அதற்கேற்ற டயரும் போட்டுவிட்டாள். கார் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரிந்தது. வெள்ளிக் கம்பிகள் வெயிலில் மின்னின. டயர் மட்டும் சக்கரத்தைச் சுற்றி ஒரு கறுப்பு நாடா கட்டியதுபோல் இருந்தது.

அன்று மாலை அவளோடு பன்னிரண்டு குலுக்கல்கள் வீட்டுக்கு வந்தன.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் வேலாயுதப்பெருமாள் மறுநாள் காலை தாடையில் மூன்று இடங்களில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மாடிப்படியருகே நின்றார்.

"டீச்சரம்மா, இன்னைக்கு மூணு" என்று தாடையைக் காட்டினார். "முந்தியெல்லாம் சவரம் பண்ணுனா ஒரு கீறல் விழாது."

செண்பகவல்லி அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தாள். மாலையில் விசிலை எடுத்து ஒரு முறை ஊதுவாள். குலுக்கல்கள் டம்ளரடியிலிருந்தும் பீரோவடியிலிருந்தும் எழுந்து வந்து உயரப்படி வரிசையில் நிற்கும். இடைவெளி சரிபார்த்து, பின்கட்டு அறைக்கு நடத்திப் போய், வெளியே தாழ்ப்பாள் போடுவாள். அவள் கணவன் கோமதிநாயகம் நாற்காலியிலிருந்து இதைப் பார்த்துச் சிரிப்பான்.

"கடைசியில நிக்கிற குட்டைப் பயல பாரேன், வள்ளி. டியூப்லைட் மாதிரி துடிக்கான். அவனுக்கு ஒரு நாள் லீவு குடுக்கக் கூடாதா?"

"லீவு குடுத்தா உங்க காப்பியிலதான் வந்து உக்காருவான். பரவாயில்லையா?"

மூன்று மாதம் இப்படியே ஓடியது. அந்த மூன்று மாதத்தில் வீட்டில் யாரும் ஒரே இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கவில்லை. ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் எழுவதும், எழுந்த பிறகு ஜன்னல் வரை போய்வருவதும் பழகிப்போயிற்று.

பிறகு கோமதிநாயகத்தின் கண்ணில் திரை விழுந்தது. பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் துணியை யாரோ இழுப்பதுபோல் இருக்கிறது என்றான். அவன் மில்லில் நூலின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். இடது கண் ஏழு வயதிலேயே கிட்டிப்புள் பட்டுப் போய்விட்டது. இருபது வருடமாக எல்லா நூலையும் அவன் வலது கண்ணால்தான் பார்த்தான். இப்போது திரை விழுந்தது அந்த வலது கண்ணில்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் செண்பகவல்லியை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழி வெச்சிருக்கோம். அது கிழிஞ்ச இடத்துல உக்காந்து அழுத்திக்கிட்டே இருக்கணும். அதுக்காகத்தான் அவர் பத்து நாள் குப்புறப் படுக்கணும். குமிழி அசையாம இருந்தா ஒட்டும். ஆடிச்சுன்னா ஒட்டாது. இன்னொரு தடவை பண்றதுக்கு அந்தக் கண்ணுல இடமில்லை."

"ஒரு குலுக்கல்கூட ஆகாதா, டாக்டர்?"

"ஒண்ணு ரெண்டு பரவாயில்லை. உங்க வீடு எங்கே?"

"ஆனைப்பள்ளம்."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

பயணம் கிளம்பும் முன் செண்பகவல்லி ஒரு காரியம் செய்தாள். காற்றடைத்த தலையணை மெத்தென்று இருக்கும் என்பதை நினைத்து, பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் நாற்பத்திரண்டு வரை காற்றடிக்கச் சொன்னாள். அடித்தவர் ஒரு முறை அவளைப் பார்த்தார். "நல்லா நெறச்சுவிடுங்க. உள்ளே நோயாளி இருக்காங்க" என்றாள். அவர் நிறைத்துவிட்டார்.

நான்கு வழிச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. பின் இருக்கையில் இரண்டு தலையணைக்கு நடுவே முகத்தைக் கவிழ்த்துப் படுத்திருந்த கோமதிநாயகம் பாட்டுக்கூடப் பாடினான். ஊருக்குப் பிரியும் விலக்கில் திரும்பி ஆனைப்பள்ளம் சாலையில் இறங்கியதும் பாட்டு நின்றது. ஒன்பது கிலோமீட்டரும் கரிசல் மண் மேல் போட்ட சாலை. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, தார் அலை அலையாக நிற்கும். விலக்கை அடுத்த ஓடைப் பாலத்தின் தொடக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சக்கரம் அதில் இறங்கி ஏறியபோது காரின் கண்ணாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேறு திசையைக் காட்டின.

வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது நூற்று நாற்பத்தொரு குலுக்கல்கள் இறங்கின. செண்பகவல்லி எண்ணித்தான் இறக்கினாள். கடைசியாக இறங்கியது ஓடைப் பாலத்துக் குலுக்கல். அது நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வரவேண்டியிருந்தது.

கோமதிநாயகத்தைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துவிட்டு அவள் விசிலை ஊதினாள். ஒன்றுகூட வரிசைக்கு வரவில்லை. எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று, படுத்திருந்தவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தன. நீளமாக, அசையாமல், முதுகை வானத்துக்குக் காட்டிக் கிடக்கும் ஒன்றை அவை சாலை என்றே எடுத்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாக ஏறி, தோள்பட்டையிலிருந்து கணுக்கால் வரை தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டன. ஓடைப் பாலத்துக் குலுக்கல் பிடரிக்குக் கீழே அமர்ந்தது.

"வள்ளி" என்றான் கோமதிநாயகம், தரையைப் பார்த்தபடி. "தரையில ஒரு கண்ணாடி வளையல் கெடக்குற மாதிரி தெரியுதுன்னு சொன்னேன்ல, அதுதான் குமிழியாம். இப்போ அது ஆடுது."

"எவ்வளவு ஆடுது?"

"நீ எட்டாங்கிளாஸ் பிள்ளைங்கள 'நில்'லுன்னு சொன்னப்புறம் ஆடுவாங்களே, அவ்வளவு."

மறுநாள் காலைக்குள் அது ஓரம் வரை போய்த் திரும்ப ஆரம்பித்தது. செண்பகவல்லி பள்ளிக்கு விடுப்பு எழுதி அனுப்பிவிட்டு, டயர் கடை ஞானதிரவியத்திடம் போனாள். ஞானதிரவியம் முப்பது வருடமாக அதே வேலையில் இருப்பவர். டயரை அமுக்கிப் பார்ப்பதுபோலவே எதிரில் வருகிறவரின் தோளையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, நல்லா காத்து நெறச்சுத்தான் வந்தேன். அப்படியும் ஒண்ணைக்கூட விழுங்கலை."

"எவ்வளவு நெறச்சீங்க?"

"நாப்பத்திரண்டு."

ஞானதிரவியம் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "டீச்சர், கல்யாணப் பந்தியில சாப்பிட்டு எந்திரிச்சவனைக் கூப்பிட்டு, இன்னொரு எலையில உக்காருன்னா உக்காருவானா? வயிறு நெறைஞ்ச டயரு எதை விழுங்கும்? அதுவும் உங்க பதினேழு இன்ச்சுக்கு வயிறுன்னு ஒண்ணு எங்க இருக்கு?"

அவர் இரண்டு சக்கரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று பதினேழு, ஒன்று பதினான்கு. வெளிவட்டம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது.

"உயரம் ஒண்ணுதான். உள்ள இரும்பு கூடுனா வெளிய ரப்பர் கொறையும். இதுல பாருங்க, ஓரம் நாலு விரக்கடைதான். இங்க ஆறு இருக்கு. பள்ளத்துல எறங்கும்போது இந்த ஓரம்தான் மடங்கி, குலுக்கலை உள்ள வாங்கும். மடங்க எடம் இல்லேன்னா அது நேரா சீட்டுக்கு வந்துரும். சீட்டுல இருந்து வீட்டுக்கு."

"அப்போ பதினான்கே போடுங்க. நல்ல உறுதியான டயரா பாத்துக் குடுங்க. அந்தா, மேல இருக்கே, அது."

"அது சுமை டயரு. வேனுக்கு. வயிறு இருக்கும், ஆனா வயித்துல தோல் ரெண்டு சுத்து. ஒரு டன் நெல்லு ஏத்துனாத்தான் கொஞ்சமாவது வாயத் தொறப்பான். உங்க வீட்டுக்காரர் அவ்வளவு எடையா?"

"அவர் ஐம்பத்தெட்டு கிலோ."

"அப்போ இந்த மெத்தனக்காரன் போதும்." அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒரு டயரை உருட்டிவந்து, ஓரத்தைக் கட்டை விரலால் அமுக்கினார். அது உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. "வேகத்துக்கு ஆகாது. திருப்பத்துல கொஞ்சம் சாய்வான். ஆனா நல்லா சாப்பிடுவான். காத்து முப்பதுக்கு மேல வேண்டாம். ரொம்பவும் கொறைக்காதீங்க. கொலைப்பட்டினி கெடந்தா தன் ரிம்மையே கடிச்சிருவான்."

செண்பகவல்லி நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தாள். "இது இனிமே வர்றதுக்கு. ஏற்கெனவே அவர் முதுகை ரோடுன்னு நெனச்சு ஏறி உக்காந்திருக்கே நூத்தி நாப்பத்தொண்ணு, அதுகளை என்ன செய்ய?"

"ஏறுன எடத்துல எறக்கணும். பஸ்ஸு மாதிரிதான். அதது பள்ளத்துல அதது எறங்கிக்கும். வீட்டுல இருந்து விலக்குப் பக்கமா போங்க. கடைசியா ஏறுனவன் மொதல்ல எறங்குவான்."

"நான் மட்டும் அதுகளைக் கூட்டிட்டுப் போறேன். அவர் வீட்டுலயே படுத்திருக்கட்டும்."

ஞானதிரவியம் இல்லை என்று தலையசைத்தார். "அவரைத்தானே ரோடுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க? ரோட்டை வீட்டுல விட்டுட்டுக் கூப்பிட்டா எது வரும்?"

டயர்கள் மாட்டி முடிப்பதற்குள் செண்பகவல்லி அந்தக் கடையை ஒன்பது முறை சுற்றி வந்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கோமதிநாயகத்தைப் பின் இருக்கையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். வேலாயுதப்பெருமாள் கால் பக்கம் பிடித்தார். தாடை முழுவதும் பிளாஸ்திரி இருந்ததால் அவரால் வாயை அதிகம் திறக்க முடியவில்லை. "பாத்து டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார்.

"இந்த டயரும் சாப்பிடலேன்னா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டான் கோமதிநாயகம்.

"சாப்பிடும்."

"இல்ல, சாப்பிடலேன்னா சொல்லிரு. நான் உன் மூஞ்சியை ஒரு தடவை நிமிர்ந்து பாத்துக்கிடுறேன். மூணு நாளா உன் கால் வெரலை மட்டுந்தான் பாக்கேன்."

"பேசாம வளையலைப் பாருங்க."

கார் நடக்கும் வேகத்தில் போனது. முதல் பள்ளம் ஊர் எல்லையில், வேப்பமரத்துக்கு அடுத்து. சக்கரம் இறங்கியது. டயரின் ஓரம் மடங்கி, புதிதாக வந்த குலுக்கலை வாங்கிக்கொண்டது. சோற்று உருண்டை தொண்டையில் இறங்குவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் செண்பகவல்லி விசிலை ஒரு முறை சின்னதாக ஊதினாள். கோமதிநாயகத்தின் கணுக்காலில் இருந்த குட்டிக் குலுக்கல் எழுந்து, கதவைத் திறக்காமலே இறங்கிப் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டது.

"வளையல்?"

"அப்படியே இருக்கு."

ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்று இறங்கியது. சிலதுக்கு இறங்க மனமில்லை. அவற்றுக்கு விசில் இரண்டு முறை தேவைப்பட்டது. நான்காவது கிலோமீட்டரில் முழங்கால் காலியாயிற்று. ஆறாவதில் இடுப்பு. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கவில்லை. ஆள் இறக்கும் வண்டியின் பின்னால் நிற்பதுபோல் நின்று நின்று வந்தார்கள். எட்டாவது கிலோமீட்டர் தாண்டும்போது முதுகில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

ஓடைப் பாலத்தின் தொடக்கத்தில் செண்பகவல்லி வண்டியை நிறுத்தினாள். பள்ளத்தைக் காணவில்லை. அந்த இடம் முழுக்கப் புதுத் தார் பளபளத்தது. பக்கத்தில் ரோலர் நின்றது. ஐந்தாறு பேர் சாக்கு விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கை கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா, எதுக்கு நிறுத்துறீங்க? ரோடு ரெடி. போலாம்."

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே."

"இருந்துச்சு. பதினோரு வருசமா இருந்துச்சு. காலையிலதான் மூடுனோம்."

"இவர் மேல அந்தப் பள்ளத்துக் குலுக்கல் இருக்கு. இதை எங்க எறக்குறது?"

மேஸ்திரி காருக்குள் எட்டிப் பார்த்தார். "ஆமா, இந்தப் பள்ளத்தோடதுதான். நேத்து வந்திருந்தா எறக்கியிருக்கலாமே."

"திருப்பித் தோண்ட முடியாதா?"

"தோண்டலாம். ஆனா தோண்டுறதுக்கு வேற கான்ட்ராக்ட். நாங்க மூடுறவங்க."

பின் இருக்கையில் ஓடைப் பாலத்துக் குலுக்கல் கீழே பார்த்தது, இடம் இல்லை என்று கண்டது, மறுபடியும் உட்கார முயன்றது, சரியாக உட்கார வரவில்லை. பிடரியிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து பிடரிக்குமாக அலைய ஆரம்பித்தது.

"வள்ளி" என்றான் கோமதிநாயகம். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "வளையல் ஓரத்துக்குப் போயிட்டு. பாதிதான் தெரியுது."

செண்பகவல்லி மேஸ்திரியிடம் திரும்பினாள். "அந்தச் சாக்கைக் கொஞ்சம் குடுங்க."

தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் எழுந்தார்கள். காரின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, கதவருகே புதுத் தாரின் மேல் அவள் சாக்கை விரித்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு குப்புறப் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டி, நீளமாக, அசையாமல் கிடந்தாள். சூடு சாக்கைத் தாண்டி வயிற்றில் ஏறியது. அவள் அசையவில்லை. மூன்று மாதத்தில் அவள் அப்படி அசையாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

குலுக்கல் கதவு வழியாக எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு சாலை, வெளியே ஒரு சாலை. வெளியே இருந்தது ஓடைப் பாலத்தின் மேலேயே இருந்தது. அது இறங்கி வந்து அவளுடைய முதுகில் உட்கார்ந்து, நிம்மதியாகக் கால் நீட்டியது.

அவள் உடனே எழுந்து நின்றுவிட்டாள். சாலை எழுந்து நின்றால் அதன் மேல் இருப்பது எங்கே போகும்? சைக்கிள்காரர்களிடம் போவதுபோல் உள்ளே போயிற்று. செண்பகவல்லி நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பி இறங்கினாள்.

"எறங்கிட்டுதா?" என்றான் கோமதிநாயகம்.

"எறங்கிட்டு. வளையல்?"

"நடுவுக்கு வந்துட்டு. நின்னுட்டு."

மேஸ்திரி சாக்கை மடித்துக்கொண்டார். "ஏம்மா, ரோலர் வரணும். வண்டியைக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க" என்றார்.

அடுத்த நாட்களில் செண்பகவல்லி ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை எழும்பினாள். உள்ளே இருக்கும் குலுக்கல் கணவனின் கட்டிலுக்குப் போய்விடக் கூடாது என்று பின்கட்டு அறையிலேயே இருந்துகொண்டாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, அடுத்த ஆறு நிமிடம் முடிவதற்குள் திரும்பிவிடுவாள். இருவரும் சுவரின் இரண்டு பக்கத்திலிருந்து பேசிக்கொண்டார்கள். கீழே வேலாயுதப்பெருமாள் கடிகாரத்தை முன்னால் வைத்து, நடுவில் கிடைத்த ஆறு நிமிடத்தில் சவரத்தை முடித்துக்கொண்டார். ஏழாம் நாள் அவர் தாடையில் பிளாஸ்திரி இல்லை.

பத்தாம் நாள் காலை மதுரையில் டாக்டர் கோமதிநாயகத்தின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். ஒளியை அணைத்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார். சுவரோரம் செண்பகவல்லி எழும்பி இறங்கினாள்.

"ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர். "குமிழி பாதி கரைஞ்சிட்டுது. அதுக்கு மேல தெரியறதெல்லாம் இனி உங்களுடையது. தலையை நிமிர்த்துங்க."

கோமதிநாயகம் மெதுவாக நிமிர்ந்தான். கழுத்து இறுகிப்போயிருந்தது. அவன் பார்வை தரையிலிருந்து கிளம்பி, நாற்காலியின் கால், ஜன்னலின் கம்பி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு மேலேறி அவளிடம் வந்தது. அவள் எழும்பினாள்.

"கொஞ்சம் நில்லேன், பாத்துக்கிடுதேன்."

"நிக்க வராது. அப்படியே பாருங்க."

அவனும் அவளோடு தலையை ஏற்றி இறக்கிப் பார்த்தான். டாக்டர் பொறுத்திருந்தார்.

மருந்துச் சீட்டு வரும்வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் ஏற்கெனவே மூன்று மைல்கற்கள் உட்கார்ந்திருந்தன. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அவை காத்திருந்தன. ஓரத்தில் இருந்த மைல்கல் சற்று நகர்ந்து இவர்களுக்கு இடம் கொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அது கோமதிநாயகத்தின் பக்கம் சாய்ந்தது.

"அண்ணாச்சி, மருந்து விட்டதுல எனக்கு எல்லாம் பனியா இருக்கு. என் மேல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன். கூப்பிடும்போது தெரியணும்."

கோமதிநாயகம் குனிந்தான். அவன் கறுப்பு எழுத்துகளின் மேல் பார்வையை ஓட்டி, நூலில் முடிச்சுத் தேடுவதுபோல் நிதானமாகப் படித்தான்.

"கோவில்பட்டி. பதினெட்டு."

"அதுக்குக் கீழ சின்னதா ஒண்ணு இருக்குமே. மழையில அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க."

அவன் இன்னும் குனிந்தான். "அழியலையே. இருக்கு. எட்டயபுரம், முப்பத்திரண்டு."

"அப்போ சரி" என்றது மைல்கல்.

உள்ளிருந்து நர்ஸ் பதினெட்டு என்று கூப்பிட்டாள். மைல்கல் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.